மூன்றாம் கியரின் இருமல்

அடெனாவ் ஊருக்கு இந்த ஆண்டு பனி முந்திக்கொண்டது.
பட்டறைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு
டீசல் ஹீட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்.
கெரியோன் வந்தான், நடந்து.
சாலையில் உப்பு தூவியிருக்கிறார்களாம்.

அவன் காரை எனக்குத் தெரியும்.
ஐந்து வருடம், மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்.
கதவுப்படியில் தொழிற்சாலை ஒட்டிய நீலத் தாளை
இன்னும் உரிக்கவில்லை.
டயருக்குள் இருப்பதுகூட முதல்நாள் காற்றுதான் என்று
கேலி பேசுவோம்.
அவன் மறுத்ததில்லை.

என்னிடமும் அதே கார்.
அதே ஆண்டு, அதே ஈரச் சாம்பல் நிறம்.
பெற்றவர்கள் வந்தாலும் அடையாளம் தெரியாது.
ஸ்பிரிங்கை மாற்றினேன்,
முப்பது மில்லிமீட்டர் தரைக்கு நெருங்கியது.
புகைக்குழலை மாற்றினேன்.
பின்சீட்டைக் கழற்றிய இடத்தில் இப்போது குறுக்குக் கம்பி.
ஒவ்வொன்றுக்கும் பரிசோதனை நிலையத்தில் நின்று
முத்திரை வாங்கினேன்.
பதிவுத் தாளில் இடம் போதாமல் ஓர் இணைப்பு,
இணைப்புக்கு ஓர் இணைப்பு.

'கெடுத்துவிட்டாய், மார்லிஸ்' என்பான்.
'நீ தொடங்கவே இல்லை' என்பேன்.
இந்த இரண்டு வசனத்தை வைத்துக்கொண்டே
ஐந்து குளிர்காலம் பியர் குடித்திருக்கிறோம்.

இன்று அந்தப் பேச்சுக்கு வரவில்லை.
கையுறையைக் கழற்றாமலே சொன்னான்:
'இருமல் நின்றுபோச்சு.'

வளைவுக்கு முன்னால் காலை எடுத்தால்
மூன்றாம் கியரில், பின்னாலிருந்து,
இரண்டு இருமல். கொஞ்சம் இடைவெளி. இன்னொன்று.
ஏதோ சொல்லத் தொண்டையைச் செருமி
சபையைப் பார்த்துவிட்டு
வேண்டாமென்று விடுகிறவர் மாதிரி.
அதைக் கேட்கத்தான்
ஞாயிறு விடியுமுன் குன்றேறித் திரும்புவான்.
எங்களிடம் எஞ்சின் எண்ணெய் சூடாக வேண்டும் என்பான்.

செவ்வாய் இரவு,
அவன் தூங்க, கார் ஷெட்டில் தூங்க,
தெற்கே ஏதோ ஓர் அறையிலிருந்து
ஒரு திருத்தம் இறங்கியிருக்கிறது.
காலையில் திரையில் ஒரே வரி:
ஒலியளவு புதிய விதிக்கேற்பச் சீரமைக்கப்பட்டது.
கீழே, நன்றி.

'நான் ஒரு திருகாணியைத் தொடவில்லை.
என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.'
'கேட்டிருப்பார்கள்,' என்றேன்.
'சாவி வாங்கிய சந்தோஷத்தில் சம்மதம் என்று தட்டியிருப்பாய்.'

அவன் சிரிக்கவில்லை.
'பழையது கிடைக்குமா?'

இழுப்பறையைத் திறந்தேன்.
உரசிப்போன ஒரு பென்டிரைவ்,
என் கையெழுத்தில் ஒரு தேதி.
மாற்றப்போகிறவள் முதலில் செய்கிற காரியம்
இருந்ததை இருந்தபடி படியெடுப்பது.
அதற்கப்புறம்தான் ஸ்பேனர்.
அவன் பொத்திப் பொத்தி வளர்த்த காரில் இல்லாதது
கிரீஸ் படிந்த என் இழுப்பறையில்
நாலு வருடமாய்க் கிடக்கிறது.

உள்ளதை உள்ளபடி சொன்னேன்.
ஏற்றினால் கணினி ஒரு கோடு கிழித்து வைத்துக்கொள்ளும்:
வெளியார் கை, ஒரு முறை.
அழிக்க முடியாது.
உத்தரவாதம் போகும், முத்திரையும் கிடைக்காது.
விற்கும்போது உன் காரும்
மாற்றிய கார்.
ஏற்றாவிட்டால்
எல்லாத் தாளிலும் அசல்,
இருமாது.

வெகுநேரம் ஹீட்டரையே பார்த்திருந்தான்.
பிறகு ஒன்றும் சொல்லாமல்
கதவுக்கடியில் குனிந்து போய்விட்டான்.
சரி, இவ்வளவுதான் என்று
காபிக் கோப்பையைக் கழுவப் போனேன்.

இருட்டும் நேரத்தில் வெளிச்சம் விழுந்தது.
சக்கர வளைவுகளில் வெள்ளை வெள்ளையாய் உப்பு,
முன்விளக்குகளுக்குக் கீழே சேறு.
இறங்கினான்.
நீலத் தாளின் மேல்
அவன் காலணி அளவில் கரைகிற பனி.

கேபிளை நீட்டினேன்.
வாங்கி அவனே செருகினான்.

ஏற்றுவதற்கு முன்
புதியதையும் ஒரு படி எடுத்து வைத்தேன்.
என்ன செய்ய, பழக்கம்.
யார் கண்டது,
இந்த மௌனத்தைக் கேட்டும்
ஒருநாள் யாராவது நடந்து வரலாம்.