மூன்றாம் ஆண்டு குருபூஜை

இருபது கொண்டை ஊசி ஏறிவந்த களைப்பு தீருமுன்
செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர் மைக்கைப் பிடித்தார்.
ஞானக்கடல் என்றார், கருணைமலை என்றார்,
இறங்குவதாக இல்லை.
மூடுபனி உள்ளே வந்து
முன்வரிசையில் உட்கார்ந்தது.

நான் உங்கள் அறையைப் பெருக்கப் போனேன்.
மேசை டிராயரில் அந்தக் காதுக்கருவி.

யாராவது புகழத் தொடங்கினால்
மெல்லக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வீர்கள்,
சிரித்தபடி தலையாட்டுவீர்கள்.
பாத்திரம் கழுவும் பொன்னுருவி
மகனைப் பற்றிச் சொல்ல வந்தால் மட்டும்
திரும்ப மாட்டி
ஒலியைக் கூட்டுவீர்கள்.

புது பேட்டரி போட்டேன்.
கீச்சென்றது.

சமாதிமேல் காப்பிப்பூ உதிர்ந்து கிடக்கிறது.
பொன்னுருவி அங்கே குந்தி
என்னவோ முணுமுணுக்கிறாள்.
வில்வத்தட்டில், அவள் பக்கம் பார்க்க,
கருவியை வைத்துவிட்டு வந்தேன்.

மைக்கில் இன்னும் கடல்.