வலது கால்

சஸ்காச்செவானில் இருபது அறுவடைக்கு
கோதுமை லாரி ஓட்டியவள் நான்.
கை திரும்பினால் வண்டி திரும்பும்.
அதற்கு மேல் யோசித்ததில்லை.

விமானம் தரையில் ஓடும்போது
திசை கையில் இல்லை, காலில்.
மிதிதான் சுக்கான்.
பரீட்சையில் சரியாகவே
விடை எழுதியிருந்தேன்.

தனியாக நான்காவது முறை.
ஜூலை, காலை ஒன்பதரை.
இடப்பக்கத்துக் காற்று என்றது
பாதி நிறைந்த காற்றுப்பை.
சக்கரங்கள் மெத்தென்று தொட்டன.
"பார்த்தாயா" என்றேன்,
இங்க்ரிட் உட்காரும் காலி இருக்கையிடம்.

அந்த ஒரு சொல் நேரம்.

வால் காற்றுக்கு இணங்கிவிட்டது.
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்
மூக்கு இடப்பக்கம் திரும்பியது.
வலப்பக்கம் ஒடித்தேன், லாரியை ஒடிப்பதுபோல்,
பனிச்சாலையில் எத்தனையோ முறை
கைகொடுத்த அதே கையால்.
இடது இறக்கை எழும்பியது.
மூக்கு கேட்கவில்லை.
மிதிகளின் மேல் கால்கள் சும்மா இருந்தன,
பேருந்தில் தூங்குகிறவரின் கால்கள்போல்.

வெள்ளைக் கோடு
கண்ணாடியில் குறுக்காக ஓடி மறைந்தது.
பிறகு புல். விளக்கொன்று உடையும் சத்தம்.
பிறகு அப்ராம் பென்னரின் ஆளி வயல்,
பூத்து, நீலமாக.
நான் கேட்ட நீலம் அதுவல்ல.

விசிறி வளைந்து எஞ்சின் நின்றது.
கைகள் இரண்டும்
வலப்பக்கம் திருகியபடியே இருந்தன.

பென்னர் வந்தார். அடிபட்டதா என்றார்.
இல்லை என்றேன்.
சாய்ந்த பயிரைக் காலால் அளந்தார்:
நாற்பத்தொரு தப்படி.
"நேராகத்தான் வந்திருக்கிறாய்,
வயலுக்குள் நுழைந்த பிறகு."

கிளப் அலுவலகத்தில் படிவம். காரணம் என்று ஒரு கட்டம்.
திசைக் கட்டுப்பாட்டை இழந்தார்
என்று தட்டச்சு செய்தாள் ரோக்ஸான்.
எழுத்துப்பிழை இருக்கிறதா பார் என்றாள்.
பிழை இல்லை.
ஆனால் இழப்பதற்கு
முதலில் அது என்னிடம் இருந்திருக்க வேண்டும்.

மாலை, லாரியில் வீடு திரும்புகிறேன்.
தானியக் கிடங்கைத் தாண்டியதும்
திறந்த வெளி, அதே காற்று,
இடப்பக்கத்திலிருந்து ஒரு தள்ளு.
நான் சொல்லாமலே
வலது கால் ஆழ மிதித்தது.

எட்டு மணிநேரம் பிந்தி
அது கற்றுக்கொண்டிருந்தது.
லாரி சீறியது,
நேராக,
நூற்றிருபது கிலோமீட்டர் வேகத்தில்.