முப்பத்திரண்டு முனைகள்

முதலில் கட்டத்தாள்.
நடுவில் காம்பஸ் ஊசி குத்திய ஓட்டை.
அங்கிருந்து முப்பத்திரண்டு முனைகள்:
நான்கு நீளம், நான்கு நடுத்தரம்,
எட்டு அதைவிடக் குட்டை,
மிச்சம் பதினாறும் இடுக்கில் எட்டிப்பார்க்கும்
எலிப் பற்கள்.
மாலுமியின் திசைகாட்டி என்று இந்தக் கோலத்துக்குப் பெயர்.
நான் ஓட்டுவது கப்பலல்ல,
லூனன்பர்க் சாலைகளில் பனி தள்ளும் லாரி.
இரவெல்லாம் வெள்ளையை ஓரங்கட்டிவிட்டு
காலையில் நிறத்துக்கு உட்காருகிறேன்.

நிறம் என்றேனா.
சிவப்பும் பச்சையும் எனக்கு ஒரு வீட்டுப் பிள்ளைகள்,
எவன் எவன் என்று
முகம் பார்த்துச் சொல்ல வராது.
சிக்னலில் மேல் விளக்கா கீழ் விளக்கா என்று பார்த்துத்தான்
முப்பது வருஷமாக நிற்கிறேன், போகிறேன்.
அதனால் எதிர்வீட்டு க்ளெண்டா ஹிம்மல்மன்
ஒவ்வொரு துணியின் விளிம்பிலும்
பென்சிலால் எழுதித் தந்திருக்கிறாள்:
செங்கல். துரு. பழுத்த ஆப்பிள்.
பாசி. தேவதாரு.
ஒன்றில் மட்டும்,
'எனக்கே தெரியவில்லை, மாமியாரின் சமையலறைத் திரை.'

நான் எழுத்தைப் பார்ப்பதில்லை.
ஜன்னலோரம் விரித்துப் போட்டு
கண்ணைப் பாதி மூடிக்கொள்வேன்.
எது முன்னே வருகிறது, எது பின்வாங்குகிறது,
கேள்வி அவ்வளவுதான்.
ஐந்து கிண்ணங்கள் வைத்திருக்கிறேன்.
முதல் கிண்ணம் பனி, ஐந்தாவது தார்.
ஒவ்வொரு முனையும் இரண்டு பாதி,
வெயில் விழும் பக்கத்துக்கு இரண்டாம் கிண்ணம்,
நிழலுக்கு நான்கு.
அப்போதுதான் தட்டைத் துணி
கூரைபோல் எழும்பும்.

தைப்பது தாளின்மேல்.
கோடு மேலே, துணி அடியில்.
இடது வலதாகும், வலது இடதாகும்,
கண்ணாடியைப் பார்த்து லாரியைப்
பின்னால் எடுக்கிற வேலை.
அதுகூடப் பழகிவிடும்.
ஒன்றோடு ஒன்றைச் சேர்க்கும்போதுதான் சங்கடம்.
கால் அங்குலம் விடு என்பார்கள்.
விடாதே.
கால் அங்குலத்துக்கு ஓர் இழை குறைத்து விடு,
அந்த இழையை மடிப்பு தின்றுவிடும்.
ஒரு தையலில் இழை பிசகினால் ஒன்றுமில்லை.
முப்பத்திரண்டிலும் பிசகினால்
வட்டம் படுக்காது,
நடுவில் தொப்பிபோல் எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.
போன பிப்ரவரியில் ஒன்று அப்படி எழுந்தது.
நாய்க்குப் போட்டேன்.
நாயும் ஓரத்தில்தான் படுக்கிறது.

நேற்று இது முடிந்தது.
மேசைமேல் வைத்து உள்ளங்கையால் தடவினேன்.
படுத்தது.
பூட்ஸ் பனியோடு உள்ளே வந்த க்ளெண்டா
சிரித்தாள், பிறகு பாதியில் நிறுத்தினாள்.
"வார்டெல், தென்மேற்குப் பக்கம் ஒன்று பச்சை."
அந்த வரிசையில் எட்டு.
ஏழு துரு, ஒன்று பாசியாம்,
கல்யாணத்துக்கு மீன்பிடிச் சட்டையோடு
வந்தவன் மாதிரி நிற்கிறதாம்.
எனக்கு எட்டும் ஒரே ஜாடை.

போனில் படமெடுத்து
நிறத்தை உருவிவிட்டுப் பார்த்தாள்.
கறுப்பு வெள்ளையில் எட்டும் எட்டாகவே நின்றன.
"உனக்கு எல்லாமே இப்படித்தானா?" என்றாள்,
ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் பேசுகிற குரலில்.
இல்லை, என்றேன். எனக்கும் நிறம் உண்டு.
உங்கள் பெயர்கள்தான் அதில் ஒட்டுவதில்லை.

தையல் பிரிக்கும் ஊசியை எடுத்தேன்.
அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு
பச்சையின்மேல் விரல் வைத்தாள்.
நான் வடக்குக்குப் போனேன்.
அங்கே நீள முனையின் நுனி
ஓர் இழை மழுங்கியிருந்தது,
மடிப்புக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு.

"இது யார் கண்ணுக்கும் படாதே!"
என் கண்ணுக்குப் படுகிறது.
"அந்தப் பச்சை ஊர்க்கண்ணுக்கே படுமே!"
படட்டும்.

மூன்று தையல் பிரித்து, மறுபடி தைத்து,
இஸ்திரி போட்டு நிமிர்ந்தபோது
மணி நான்கு. வெளியே தொடங்கிவிட்டது.
இன்றிரவு இருபது சென்டிமீட்டர் என்கிறது ரேடியோ.
யாருக்கு இது, என்று கேட்டாள் கோட்டை மாட்டிக்கொண்டே.
நான் இன்னும் வட்டத்துக்கு வெளியே
நான்கு மூலைகளை யோசித்துக்கொண்டிருந்தேன்.
பனிக் கிண்ணமா, அதற்கடுத்ததா.

க்ளெண்டா,
உன் மாமியாரின் திரையில்
இன்னும் எத்தனை மீட்டர் மிச்சமிருக்கிறது?