இரண்டு குடம் கடல்

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில்
ராஜாவுக்குப் பதினான்கு கட்டு.
சண்டை, சமாதானம், சரணாகதி,
கடைசியில் மூல வியாதி வரைக்கும்.

உமையாண்டாள் நாச்சியாருக்கு ஒரே ஒரு நோட்டு,
நாடு போனபின்
சாந்தோம் வாடகை வீட்டில் எழுதிய செலவு.
கும்பினியார் அளந்த பென்ஷனில்
வெற்றிலை இவ்வளவு, விளக்கெண்ணெய் இவ்வளவு,
வெள்ளிக்கிழமைதோறும்
‘கடல் தண்ணீர் குடம் இரண்டுக்கு ஒரு பணம்.’

கூப்பிடு தூரத்தில்தான் கடல்.
பல்லக்குத் திரைக்கு அந்தப் பக்கம்.

எதற்கு இது?
துரையும் கேட்டிருக்கிறான்,
ஓரத்தில், சிவப்பு மையில்.
கணக்கப்பிள்ளை அருளப்பன் பணிவாக எழுதுகிறார்:
‘ராணியம்மாள் அண்டாவில் நண்டு வைத்திருக்கிறார்கள்.
பார்த்துப் பார்த்து ஏட்டில் குறிக்கிறார்கள்.
நண்டு ஓடு கழற்றும் இரவில்
வீட்டில் ஒருவரும் பேசக் கூடாதென்று உத்தரவு.
மகாராஜா உட்பட.’

அடுத்த வாரம் அந்த வரியைக் காணோம்.
அடித்துவிட்டார்கள்.
வெற்றிலைச் செலவு மட்டும்
சரியாக ஒரு பணம் கூடியிருக்கிறது.

அந்த வீட்டில் வெற்றிலை போடுகிறவர்
ராஜா ஒருவர்தான்.
பதின்மூன்றாம் கட்டின்படி
அவருக்கு அதற்குள் பல்லே இல்லை.

நண்டு குறித்த ஏடு கிடைக்கவில்லை.
மூன்று வாரமாகத் தேடுகிறேன்,
தும்மிக்கொண்டே.

‘இந்த நோட்டை எந்தத் தலைப்பில் சேர்க்கப் போறே?’
மெஹருன்னிசா மேடம் கேட்டார்,
டீ கிளாஸோடு.
‘அரச குடும்பம், இதர செலவு’ என்று
பென்சிலில் போட்டிருந்ததை அழித்து
‘கடல்வாழ் உயிரினங்கள்’ என்று எழுதினேன்.

மேடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
கொஞ்ச நேரம் பார்த்தார்.
அடிக்கவில்லை.