கடைசிக் கம்பம்

பள்ளத்தூர், பங்குனி, பகல் ஒன்றே முக்கால்.
ஏணியில் நான். கீழே தர்க்கம்.

"நிலக்கரிதான்" என்கிறார் ஜெசிந்தா டீச்சர்.
"நாம் எரித்தோம். இப்போது அது எரிக்கிறது."
"சூரியனுக்கென்று ஒரு கணக்கு உண்டு" என்கிறார்
கானா ரூனா வயிரவன்.
"ஏறும், இறங்கும், பர்மாவில் போட்ட முதல் மாதிரி."
"அது திரும்பி வரலையே அண்ணே" என்கிறார் டீச்சர்.
கனி ராவுத்தர் சோடாவை உடைக்கிறார்:
"எவன் கொளுத்தினால் என்ன,
என் ஐஸ் பெட்டி குளிருமா குளிராதா?"

மீட்டரில் இருநூற்று ஐம்பத்தாறு.
டீச்சர் வீட்டு மாடியில் எட்டுப் பலகை,
எட்டும் வெயிலைக் குடித்துக்கொண்டு சும்மா கிடக்கின்றன.
தாங்க மாட்டேன் என்கிறது கம்பி.
இன்வெர்ட்டர் தானாகவே வாயை மூடிக்கொண்டது.

இந்தக் கம்பியை இழுத்த வருஷம்
வீதிக்குப் பத்தொன்பது மின்விசிறி, ஒரு ரேடியோகிராம்.
இப்போது
விருந்தாளிக்கு விட்ட அறை ஒவ்வொன்றிலும் ஏசி,
ஊருணி வற்றியதால் வீட்டுக்கு வீடு ஆழ்துளை மோட்டார்.
கம்பி மட்டும் அதே கம்பி.
வெயிலில் தொய்ந்து, வேப்பங்கிளையைத் தொட்டு,
தொட்ட இடம் கருகி.

புது டிரான்ஸ்பார்மர் வந்தாயிற்று.
ஏழு மாதமாகக் காரைக்குடி ஸ்டோரில் கித்தான் போர்த்தி நிற்கிறது.
வைக்க இடம் வேண்டும், பத்தடிக்குப் பத்தடி.
இறங்காமலே கேட்டேன்.

வயிரவன் வீடு
இந்த வீதியில் தொடங்கி அடுத்த வீதியில் முடிகிறது.
"பங்காளி பதினாலு பேர் தம்பி,
ஒருத்தர் ஈப்போவில். கையெழுத்து யார் வாங்குவது?"
டீச்சர் குடையை மடக்கினார்:
"பள்ளிக்கூடச் சுவரோரம் வேண்டாம், பிள்ளைகள் ஓடுகிற இடம்."
ராவுத்தர் கடையே புறம்போக்கு.
பிறகு மூவரும், ஒரு மூச்சில்:
"யூனிட்டுக்குக் காசு ஏறுமா?"

ஏறும் என்றேன்.
காரணத்தைப் பற்றிய பேச்சு உடனே மறுபடி தொடங்கியது.
காரணத்துக்கு இடம் தேவையில்லை.
நான் கையுறையைக் கழற்றினேன். உள்ளங்கை வெந்திருந்தது.

ராத்திரி ஒன்பது நாற்பது.
பகலில் பொங்கிய அதே கம்பியில் நூற்று எழுபத்திரண்டு.
விசிறி சுற்றுவதை எண்ணலாம்.
டீச்சர் கூப்பிட்டார். வயிரவன் கூப்பிட்டார்.
ஐஸ் உருகி ஓடுகிறது என்றார் ராவுத்தர்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.
ஏணி வேண்டும்.
வாரியத்து ஏணிக்கு மூன்று படி இல்லை.
பகலில் நான் நின்றது ராவுத்தர் கடை ஏணி.
அதை அவர் உள்ளே வைத்துப்
பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்.