ஆறாயிரத்துக்கு மேலே

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை
என் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தான் டௌவே.
கேட்டால் அழுத்து என்று
கையில் ஒரு பொத்தான்.
பதினோரு வருடமாக ஊரார் காதுகளை அளப்பவள் நான்,
புருஷன் காதை அன்றைக்குத்தான் அளந்தேன்.

ஆறாயிரம் ஹெர்ட்ஸ் வரை கோடு ஒழுங்காக வந்தது.
பிறகு
ஹார்லிங்கன் துறைமுகத்துக் கல்படி மாதிரி
நேரே தண்ணீருக்குள் இறங்கிவிட்டது.
இருபத்தெட்டு வருடம், படகுகளின் எஞ்சின் அறை.
தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.
வரும் வழியில் மீன் வாங்கினோம்.

ஏப்ரலில் அந்த சிடி பிளேயரைத் திறந்தான்.
எண்பத்தாறில் வாங்கியது,
எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வயது மூத்தது,
தட்டை வெளியே நீட்டும்போதெல்லாம் இருமும்.
சாப்பாட்டு மேசையில் பழைய போர்வை,
அதன்மேல் பச்சைப் பலகை.
ரோசின் புகை திரைச்சீலையில் ஏறி
ஒரு வாரம் இறங்கவில்லை.
வறண்டுபோன மின்தேக்கிகளைப் பிடுங்கிப் பிடுங்கி
சாஸரில் போட்டான்.
கிராம்பு மாதிரிக் கிடந்தன, தலையும் காலுமாய்.
"முப்பத்தொன்பது" என்றான்.
வயதைச் சொல்கிறான் என்று நினைத்தேன்.
எண்ணிக்கை.

புதியவை ஜெர்மனியிலிருந்து தபாலில் வந்தன.
கூடவே ஒரு கடிகாரப் படிகம்,
மூடியின் உட்புறம் ஒட்டத் தார்த்தகடு.
விலை கேட்டேன்.
ஒன்றுக்கு மட்டும் சொன்னான்.

மே மாதம், மழை விடாத ஞாயிறு.
எப்போதும் போடும் அதே வட்டு,
மூன்று பேர் வாசிக்கும் ஜாஸ், இரண்டாவது துண்டு.
"கேட்கிறதா, அந்தப் பித்தளைத் தட்டு?
அடித்த பிறகு கலைந்து போகிறதே, அது?"
கேட்டது.
பல் கூசியது எனக்கு.
நாய் எழுந்து மாடிக்குப் போய்விட்டது.
வடிகட்டியின் மதிப்பை மாற்றியிருக்கிறான்,
தாளில் கோடு இறங்கிய இடத்தில்
ஒலியை ஏற்றிக் கட்டியிருக்கிறான்.
"குத்துகிறது, டௌவே."
"உனக்குக் குத்துகிறது.
எனக்கு இப்போதுதான் வந்து சேர்கிறது."

அதற்கு மேல் பேசவில்லை.
பாத்திரம் கழுவினேன்,
வழக்கத்தைவிடச் சத்தமாக.

அடுத்த சனிக்கிழமை
பக்கவாட்டுத் தகட்டில் துளையிட்டு
ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்தான்.
எழுத்து எதுவும் இல்லை.
மேலே தள்ளினால் அவனுக்கு.
கீழே தள்ளினால் குத்தாது;
அங்கே என் நகப்பூச்சில் ஒரு சிவப்புப் புள்ளி.
மூடியைச் சரியாகத் திருகவில்லை,
பாட்டில் முழுக்கக் காய்ந்துவிட்டது.

நேற்று சீக்கிரம் வீடு திரும்பினேன்,
கடைசியாக வர வேண்டியவர் வரவில்லை.
கூடத்தில் அவன் மட்டும்,
எனக்கு முதுகு காட்டி.
அதே இரண்டாவது துண்டு.
முழங்காலில் ஒரு விரல் தட்டிக்கொண்டிருந்தது,
பித்தளை கலையும் இடங்களில் எல்லாம்,
மயிரிழை பிசகாமல்.
கோட்டைக் கழற்றாமல் நின்றேன்.
எட்டிப் பார்த்தபோது
ஸ்விட்ச் சிவப்புப் பக்கம் இருந்தது.