காலிக் கட்டம்

வால்பேப்பர் சுருளின் முதுகில் வரைந்தோம்,
யார் பேச்சை யார் கேட்பார் என்று.
நடுவில் துணைமேயர், சிவப்பு வட்டம்.
அவரை நோக்கி அம்புகள்:
மைத்துனர், பத்திரிகையாளர், டயர் வியாபாரி.
ஒவ்வோர் அம்பின் மேலும் தாம்த்தா தேதி எழுதினாள்.
புதிய பேருந்துகளுக்கான டெண்டர்
அக்டோபர் பதினெட்டில் மூடுகிறது.
அதற்குள் இந்த ஏட்டுச் சுரைக்காயைச்
சட்டியில் இறக்கியாக வேண்டும்.

எங்கள் கையில் இருந்தவை
ஆயிரத்து நூற்றாறு முழங்கால்கள்.
க்ல்தானியில், சபுர்த்தாலோவில், சந்தை வாசலில்
இரண்டு குளிர்காலம் குந்தியிருந்து அளந்தவை.
பேருந்தின் முதல் படி
தரையிலிருந்து நாற்பத்தொரு சென்டிமீட்டர்.
அதன் முன்னால் ஒரு கணம் தயங்குகிறது திபிலீசி.
உருளைக்கிழங்கு மூட்டையை முதலில் ஏற்றி
பிறகு தன்னை ஏற்றிக்கொள்கிறவள்.
கம்பியைப் பிடித்துக்கொண்டு
காலுக்குப் பதில் இடுப்பைத் தூக்குகிற சமையல்காரர்.
நாடக அரங்கின் ஏணியிலிருந்து விழுந்த
விளக்குக்காரர் கோச்சா;
'நீங்கள் போங்கள், அடுத்ததில் வருகிறேன்' என்பார்,
அடுத்தது வந்ததும் அதையே சொல்வார்.

இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
பன்னிரண்டாக்கினோம்.
பன்னிரண்டை ஒன்றாக்கினோம்.
ஒன்றையும் சுருக்கினோம்,
நகராட்சி லிஃப்ட் ஆறு மாடி ஏறும் நேரத்துக்கு.
காசு போட்டால் மட்டும் நகரும்
எங்கள் கட்டடத்து லிஃப்டில் ஒத்திகை,
பதினோரு முறை, பதினோரு நாணயம்.
செலவுக் கணக்கில் 'போக்குவரத்து' என்று எழுதினேன்.

துணைமேயர் தலையசைத்தார்.
மிக அழகான தலையசைப்பு.
பேருந்து என்ன நிறம் என்று கேட்டார்.
எங்களோடு படம் எடுத்துக்கொண்டார்.
அத்தனை அம்பும் அங்கேயே
கம்பளத்தில் விழுந்து கிடந்தன.

வெளியே தாழ்வாரத்தில்
ஸ்டேப்ளரால் அக்ரூட் உடைத்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி.
ஏத்தேரி. எங்கள் படத்தில் இல்லாதவள்.
"படிக்கட்டு ஆட்களா?
இணைப்பு நான்கு என்னிடம்தான் இருக்கிறது.
'படி உயரம்' என்று ஒரு கட்டம் காலி.
ஒன்றும் கிடைக்காவிட்டால்
பழைய டெண்டரில் இருப்பதைப் போடுவேன்.
எத்தனை?"

"அது... பயணியின் வயதைப் பொறுத்தது,
பனி உறைந்த நாளில் இன்னும் குறைய வேண்டும்,
இருபத்திரண்டிலிருந்து முப்பத்தொன்றுக்குள்..."

"கட்டத்தில் ஓர் எண்தான் கொள்ளும்."

பருப்பை ஊதித் தோல் நீக்கி
என்னிடம் பாதி நீட்டினாள்.
மென்றேன். மெல்லும் நேரம்தான் எனக்கு இருந்தது.

"இருபத்தேழு."

இரண்டு விசை. தட், தட்.
அந்த எண்ணுக்கு வெளியே நின்றார்கள்
எண்பத்து மூன்று பேர்.
அறிக்கையில் அவர்கள் ஒரு சதவீதம்;
எனக்கு அவர்கள் பெயர் தெரியும்,
கையுறை கழற்றி
அளவுநாடாவை வைத்தவள் நான்.

இரண்டாம் வருட வசந்தத்தில் வந்தன, பச்சை நிறத்தில்.
மேடையில் நன்றி சொன்னார்கள்:
மேயருக்கு, வங்கிக்கு, டயர் வியாபாரிக்கு.
மறுநாள் நாடாவோடு நிறுத்தத்துக்குப் போனேன்.
இருபத்தொன்பது.
"புது டயர், காற்று அதிகம்" என்றார் ஓட்டுநர்,
ஏதோ நான் அவர் எடையைக் கேட்டதுபோல.

மூட்டைக்காரி வந்தாள்.
மூட்டை இடுப்பிலேயே இருந்தது,
தொலைபேசியில் யாரையோ திட்டியபடி
ஏறிவிட்டாள், கீழே பார்க்காமல்.
தான் தயங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியாது.
இதற்குமேல் என்ன பாராட்டு வேண்டும்
என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே
பின்னால் கேட்டது கோச்சாவின் குரல்:

"நீங்கள் போங்கள்."

இரவு சுருளை மறுபடி விரித்தோம்.
சிவப்பு வட்டம் வெளிறியிருந்தது.
பேருந்தை இனி இறக்க முடியாது என்றாள் தாம்த்தா.
நிறுத்தத்தின் நடைமேடையை ஏற்றலாமே என்றேன்.
அவள் பேனாவின் மூடியைக் கடித்தாள்.

"சரி, அந்தக் கட்டம்
யார் மேசையில் காலியாக இருக்கிறது?"